கீழே மூன்று சென்டிமீட்டர்

பதினோரு மணிக்குக் கரண்டு வரும் என்கிறாள். இப்போது பத்தேகால். மாதாந்திரப் பராமரிப்பாம். மாதம் தவறாமல் பராமரித்தும் கம்பி ஏன் அப்படியே தொங்குகிறது என்று கேட்க வாயெடுத்தேன். விட்டுவிட்டேன். இவளா கம்பி கட்டினாள். ஜெராக்ஸ் கடைக்காரி. சங்கரேஸ்வரி என்று சுவரில் சட்டம் போட்ட சான்றிதழில் இருக்கிறது, டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு. ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்கார்ந்தேன். மடியில் பழுப்பு உறை, உறைக்குள் பிலிம். “எக்ஸ்ரேயா சார்? யாருக்கு, எந்த எலும்பு?” “எலும்பு இல்லை.” “நெஞ்சா?” “இல்லை.” “ஸ்கேன் பண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?” “பத்திரிகைக்கு.” அதற்கு மேல் கேட்கவில்லை. நல்லது. அறிவியல் இதழ் ஒன்றிலிருந்து மெயில் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, இன்றோடு கெடு. ஐயா, 1987இல் எங்கள் இதழில் தாங்கள் எழுதிய கட்டுரையில் மூன்றாவது படம் அடியில் சட்டென்று முடிவதாக ஒரு வாசகர் கேட்டிருக்கிறார், மூலப் பிலிம் இருந்தால் அனுப்பவும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதவும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தான் அந்த இதழின் ஆசிரியன். அந்த மரியாதைதான் எரிச்சல். “இல்லைன்னு எழுதிருங்கப்பா,” என்றான் மகன், பூனாவிலிருந்து. “முப்பத்தெட்டு வருசம். எவன் வச்சிருப்பான்?” நான் வைத்திருக்கிறேன். அதுதான் கோளாறு. நாலு வீடு மாறினேன், பாதிப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டேன், பதக்கங்கள் எங்கே என்று தெரியாது, இந்த உறை மட்டும் பீரோ அடித்தட்டில் விரித்த காகிதத்துக்குக் கீழே தட்டையாக, கூடவே வந்தது. வேண்டாதது என்றால் எறிந்திருப்பேன். எறியவில்லை. ஏன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த ஒரு கட்டுரைதான் என் பேர். மற்ற அறுபதிலும் சுண்டல் மடிக்கலாம். முப்பத்திரண்டு வருடம் புரோட்டியேஸ்களோடு குடும்பம் நடத்தினேன். புரோட்டியேஸ் என்றால் புரதத்தை வெட்டுகிற புரதம், அவ்வளவுதான். ஒரு தடவை வானொலியில் கத்தரிக்கோல் என்று சொல்லித் தொலைத்தேன், அன்றிலிருந்து பள்ளிக்கூட விழாவில்கூடக் கத்தரிக்கோல் பேராசிரியர். செல்லின் மேல்தோலில் ரிசெப்டர் என்று ஒன்று நிற்கிறது, பாதி வெளியே, வால் உள்ளே. வெளியிலிருந்து சேதி வந்து அதைத் தொடுகிறது. தொட்டது உள்ளே உட்கருவுக்கு எப்படித் தெரிகிறது, அதுதான் கேள்வி. நான் எழுதினேன்: ரிசெப்டர் முழுசாக நின்றபடியே உள்ளே இருப்பவர்களை உசுப்புகிறது, வெட்டு எதுவும் நடப்பதில்லை. கத்தரிக்கோல் பேராசிரியரே வெட்டு இல்லை என்றால் இல்லைதானே. எண்ணூறு பேர் மேற்கோள் காட்டினார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேறொரு ரிசெப்டரில் வெளிநாட்டுக்காரர்கள் காட்டினார்கள், வெட்டுதான் சேதி என்று. புரோட்டியேஸ் வந்து வாலை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட வால் தானே உட்கருவுக்குப் போய்ச் சொல்கிறது. அதைப் படித்த அன்று மொக்கைச்சாமியை டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வந்தது. ஏடு படிந்து ஆறிக் கிடந்தது. “சார், சர்க்கரை பத்தலையா?” என்றான். அது வேறு ரிசெப்டர், என்னுடையது வேறு, என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்றுவரை அதையேதான் சொல்கிறேன். வேறு ரிசெப்டர். வேறு. இருபத்தைந்து வருடமாக ஒரே பதில்.

மொக்கைச்சாமி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். எங்கள் லேப் அட்டெண்டர். வந்த புதிதில் சோதனைக்குழாயைத் தொடவே பயப்பட்டவன், ரிட்டயராகும்போது சென்ட்ரிஃபியூஜ் சுற்றுகிற சத்தத்தை வராந்தாவிலிருந்து கேட்டே சொல்வான், எடை சமமாக வைக்கவில்லை, நிறுத்துங்கள் என்று. ஐஸ் மெஷின் ரிப்பேரானால் சைக்கிளில் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பாளம் கட்டிக்கொண்டு வருவான், சாக்கு சுற்றி, உமி உதிர. அதை உடைத்து வாளியில் போட்டு அதற்குள் என் என்சைம்களைச் சொருகிவைப்போம். “சார், உங்க ஆராய்ச்சியே அயிரைக் கொழம்பு வாடை அடிக்குது,” என்பான். “அயிரை இல்லண்ணே, நெத்திலி,” என்பாள் அமலோற்பவம். தூத்துக்குடிக்காரி, மீனில் அவளை ஏமாற்ற முடியாது. அவள் வந்த நாள் நினைவிருக்கிறது. நாலே மாணவர் எடுக்கலாம், ஐந்தாவதாக வந்து நின்றாள். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து மூட்டை இறங்க இறங்கக் கோடு போடுகிற வேலை, நாலு கோடு நிறுத்தி ஐந்தாவது குறுக்கே. இவளும் குழாய்களுக்கு அப்படித்தான் அடையாளம் போடுவாள், ஒரு கோடு, இரண்டு கோடு. “நம்பர் எழுதத் தெரியாதா?” என்றேன் முதல் நாள். “எழுதுனா ஐஸ்ல அழிஞ்சிருது சார். கோடு அழியாது.” அழியத்தான் இல்லை. அப்புறம் லேப் முழுக்கக் கோடு போட்டது, நான் உட்பட. எவ்வளவு சின்ன லேப். இரண்டு மேஜை, ஒரு குளிரறை, ஒரு புகைப்பட இருட்டறை. மெர்காப்டோ பாட்டிலைத் திறந்தால் அழுகின முட்டைக்கும் எரிந்த ரப்பருக்கும் நடுவே ஒரு நாற்றம், பஸ்ஸில் எங்கள் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். புரதத்தைப் பிலிமில் கறுப்பாக விழவைக்கிற கதிரியக்கக் கந்தகம் பம்பாயிலிருந்து ஈயச் சிமிழில் வரும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கல்யாணப் பெண் மாதிரி ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவோம். வந்த அன்றிலிருந்து அது தேய்ந்துகொண்டே இருக்கும், எண்பத்தேழு நாளில் பாதி, வீணாக்க முடியாது. அந்தத் தட்டுப்பாட்டில் ஒரு ருசி இருந்தது. இப்போது போய்ப் பார்த்தேன், போன வருடம். கண்ணாடிக் கதவு, எல்லாம் கிட், கலக்கு ஊற்று. ஐஸ் மெஷின் தானாகக் கொட்டுகிறது. வாடையே இல்லை. எவனுக்கும் கை நடுங்கவில்லை.

“சார், காபி சொல்லவா?” “வேண்டாம்.” “யுபிஎஸ் போன மாசமே மண்டையப் போட்டுருச்சு. இல்லாட்டி இந்நேரம் முடிச்சிருக்கலாம்.” வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், வேட்டியை மடித்துக் கட்டி, கையில் அடையாள அட்டை. “போட்டோவாச்சும் எடுத்து வையும்மா.” “இருட்டுல எடுத்தா நீங்க தெரியவே மாட்டீங்கண்ணே.” “நக்கலா?” “பல்லு மட்டும் விழும், பரவால்லையா?” சிரித்துக்கொண்டே போனார். பத்தே முக்கால். உறை தொடையில் வியர்த்து ஒட்டுகிறது. எழுந்து போய்விடலாம். கரண்டு இல்லை, ஸ்கேன் செய்ய முடியவில்லை, இல்லை என்று எழுதிவிட்டேன், முடிந்தது. மின்வாரியமே வழி விடுகிறது. எழுந்திருக்கவில்லை. முட்டி வலி என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று இந்தப் பிலிமைக் கழுவியது பகல் இரண்டு மணி. புரதங்களைப் பெரியது மேலே, சின்னது கீழே என்று பிரித்த ஜெல்லை உலர்த்தி, பிலிமோடு சேர்த்து அட்டையில் கட்டி, ஆழ்குளிர்ப் பெட்டியில் பதினாறு நாள். நடுவே கரண்டு போனபோதெல்லாம் மொக்கைச்சாமி கம்பளி போர்த்தினான், பெட்டிக்கு. பதினாறாவது நாள் இருட்டறையில் சிவப்பு விளக்கு, தொட்டியில் மருந்து, நான் பிலிமின் ஒரு மூலையைப் பிடித்திருக்க அவள் தொட்டியை மெல்ல ஆட்டினாள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மேலே நாலு கறுப்புப் பட்டை, வரிசையாக, அழகாக. என் ரிசெப்டர், முழுசு. மூச்சு விட்டேன். “சார், கீழ பாருங்க,” என்றாள். பார்த்தேன். அடியில், விளிம்பை ஒட்டி, மெலிசாக. “அழுக்கு,” என்றேன். பிலிமைக் காயப்போட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது அழுக்கு இல்லை, பட்டைதான். புரதம் வெட்டுப்பட்டு விழுந்த துண்டு. “இன்ஹிபிட்டர் போட மறந்துட்டியா?” செல்லை உடைக்கும்போது உள்ளே அடைபட்டிருக்கிற புரோட்டியேஸ் எல்லாம் அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி மேயும், அதன் வாயை அடைக்க ஒரு மருந்து போட வேண்டும், புதிதாகக் கரைத்து, போட்ட உடனே வேலையை முடிக்க வேண்டும், தண்ணீரில் விழுந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது செத்துவிடும். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு தடவையாவது அதை மறந்தவர்கள். “போட்டேன் சார்.” “காலைல கரைச்சதைப் போட்டியா?” “இல்ல சார், அப்பவே கரைச்சது.” “அப்ப இது எங்கேருந்து வந்துச்சு, தூத்துக்குடிலேருந்தா?” மற்ற பையன்கள் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். குளிரறை வாசலில் நின்றாள், கையுறையைக் கழற்றாமல், கதவு பாதி திறந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. “கதவை மூடு,” என்றேன். மூடிவிட்டு என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள். நினைவில்லை.

அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். கட்டுரை அதற்குள் போயாக வேண்டும். வெளிநாட்டில் என்னோடு சேர்ந்து எழுதிய பெரியவர் வெட்டு கிடையாது என்று மூன்று கடிதம் எழுதியிருந்தார், அவர் சொன்னால் சட்டம். படத்தைக் காகிதத்தில் அச்செடுத்தேன். அன்றைக்கெல்லாம் கையால்தான். இரும்பு ஸ்கேல், சவர பிளேடு, ரப்பர் பசை. விளிம்புகளைச் சீவி அட்டையில் ஒட்டி, ஏர்மெயில் ரிஜிஸ்தர். ஓரம் சீவுவது குற்றமா? எல்லோரும் சீவினோம். பக்கத்துக்கு அடங்க வேண்டும், அழகாக இருக்க வேண்டும். மேலே இரண்டு சென்டிமீட்டர், பக்கவாட்டில் ஒன்று, கீழே மூன்று. கீழே மூன்று. மேலே பிளேடு ஓடியதுபோல் கீழே ஓடவில்லை. ஸ்கேலை வைத்துவிட்டு ஒரு தடவை எடுத்தேன். திரும்ப வைத்தேன். அப்போது யாரும் அறையில் இல்லை. மொக்கைச்சாமி இருந்தானோ. இருந்தால் என்ன, அவனுக்கு என்ன தெரியும். என்சைம் சுத்தமா கெட்டதா என்று வாடையிலேயே சொல்வான், அவனுக்கு என்ன தெரியும். சரி. அவள் அதற்கப்புறம் நாலு மாதம் இருந்தாள். சொன்ன வேலையைச் செய்தாள். ஒருநாள் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று கடிதத்தை நீட்டினாள். “ஆராய்ச்சிக்கு ஆள் இல்லாம கெடக்கு, நீ தவளை அறுக்கப் போறியா?” “வீட்டுல கஷ்டம் சார்.” வீட்டில் கஷ்டமில்லை, எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன். கட்டுரையின் கடைசியில் நன்றி என்று ஒரு வரி, தொழில்நுட்ப உதவிக்கு. தொழில்நுட்ப உதவி. மூளை முழுக்க அவளுடையது, உதவியாம். ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் மெசேஜ் அனுப்புகிறாள், புத்தாண்டு வாழ்த்துகள் சார், அமலோற்பவம். போனில் நம்பர் இருக்கிறது. நான் ஒரு தடவைகூடப் பதில் போட்டதில்லை. என்ன போடுவது, உனக்கும் அப்படியே என்றா?

பதினொன்று தாண்டிவிட்டது. கரண்டு வரவில்லை. உறையிலிருந்து பிலிமை எடுத்தேன். வேர்வைக் கை, ஓரமாகப் பிடித்தேன், அந்தப் பழக்கம் போகவில்லை. வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கினேன். அச்செடுத்ததற்கப்புறம் இவ்வளவு வருடத்தில் இதை வெளிச்சத்தில் பார்த்ததில்லை, உறைக்கு வெளியிலிருந்து தொட்டிருக்கிறேன், அவ்வளவுதான். மேலே நாலு பட்டை. நாலு தடம், லேன் என்போம். முதல் இரண்டும் சும்மா இருந்த செல்கள், சேதி எதுவும் கொடுக்காதவை. மூன்றாவது, சேதி கொடுத்துப் பத்து நிமிடம். நாலாவது, அரை மணி. மூலையில் மையில் கோடு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கீழே பார்த்தேன். ஒன்றில் இல்லை. இரண்டில் இல்லை. மூன்றில் இருக்கிறது. நாலில் இருக்கிறது. நாலும் ஒரே பாட்டில் கரைசலில் உடைத்தவை, ஒரே கை, ஒரே நேரம். அவள் சொன்னது வந்துவிட்டது. மறக்கவே இல்லை அது, குளிரறைக் கதவை மூடிவிட்டு, கையுறையோடு, குரலை உயர்த்தாமல். “மறந்திருந்தா நாலு லேன்லயும்ல சார் விழுந்திருக்கணும்.” அதற்கு நான், “எனக்கே பாடம் எடுக்கிறியா?” என்றேன். அவள், “திரும்ப ஒரு தடவை ஓட்டிப் பாத்திரலாம் சார், கந்தகம் இன்னும் ஒரு தடவைக்கு இருக்கு.” “வேண்டாம்.” “ஒரே ஒரு தடவை சார்.” “வேண்டாம்னா வேண்டாம்.” அந்தக் கந்தகத்தை வேறு வேலைக்கு வைத்திருப்பதாகச் சொன்னேன். வேறு வேலை எதுவும் இல்லை. ஈயச் சிமிழிலேயே கிடந்து, பாதியாகி, அதில் பாதியாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. ஓட்டியிருந்தால் மூன்றே வாரத்தில் தெரிந்திருக்கும். அதனால்தான் ஓட்டவில்லை. ஆமாம். அதனால்தான். இதைச் சொல்ல முப்பத்தெட்டு வருடம், ஒரு ஜெராக்ஸ் கடை வாசல்.

போனை எடுத்தேன். எழுத்துச் சின்னதாக இருந்தது, சங்கரேஸ்வரிதான் தேடிக் கொடுத்தாள். மூன்றாவது மணியில் அமலோற்பவம் எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். “சார்?” என்றாள். நம்பரை வைத்திருக்கிறாள். “ஆமா.” “நல்லாருக்கீங்களா சார்? ஏ, மைக்ராஸ்கோப்பைத் திருகாத, லென்ஸ் ஒடஞ்சிரும். சொல்லுங்க சார்.” “இன்னும் வேலை பாக்கிறியா?” “ரிட்டயராயிட்டேன். பிரைவேட்ல கூப்பிட்டாங்க, பன்னெண்டாம் கிளாஸ். சும்மா இருக்க முடியல.” விஷயத்தைச் சொன்னேன். மெயில், படம், பிலிம். சுருக்கமாக. மறுபக்கம் பிள்ளைகள் சத்தம்கூடக் குறைந்ததுபோல் இருந்தது, வராந்தாவுக்கு வந்திருப்பாள். “அந்தப் பிலிம் இன்னும் இருக்கா சார்?” “கையில இருக்கு.” “மூணாவது, நாலாவது லேன்.” “ஆமா.” “நாலுல கொஞ்சம் அழுத்தமா.” மறுபடி வெயிலுக்குத் தூக்கினேன். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. நாலாவது, மூன்றாவதைவிடக் கறுப்பு. பத்து நிமிடத்தில் கொஞ்சம், அரை மணியில் நிறைய. நேரம் போகப் போக வெட்டு கூடியிருக்கிறது. “ஆமா,” என்றேன். “ம்,” என்றாள். “நீ கண்டுபிடிச்சதுன்னு எழுதப்போறேன். இன்ஷியல் ஜே தானே, இப்ப மாத்திட்டியா?” “ஜே தான். அப்படி எழுதாதீங்க சார்.” “ஏன்?” “ஒரு தடவை ஓட்டினது ரிசல்ட் ஆகுமா? யாராவது கேட்டா என்ன காட்டுவேன்? அழுக்காவே இருந்திருந்தா?” “அழுக்கு இல்லை.” “உங்களுக்கு இன்னைக்குத் தெரியுது. எனக்கு அன்னைக்கே தெரியும். ரெண்டும் நிரூபணம் இல்லையே சார்.” எனக்கே பாடம். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. “அப்ப என்ன எழுத?” “என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. வெட்டுனது நீங்க. திரும்ப ஓட்டணும்னு கேட்டது நான். அது ரெண்டும் நடந்துச்சு.” “சரி.” “சாப்பிட்டீங்களா சார்?” “மணி பதினொன்றரை. இப்ப என்ன சாப்பாடு?” சிரித்தாள். அதே சிரிப்புதான், கொஞ்சம் இளைத்திருந்தது. பெல் அடித்தது. “கிளாஸ் முடியுது சார், ஸ்லைடை எண்ணி வாங்கணும், வச்சிரவா?” வைத்துவிட்டாள்.

கரண்டு பதினொன்று ஐம்பதுக்கு வந்தது. மின்விசிறி தூசியைக் கொட்டியது. பிலிமின் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து ஸ்கேன் எடுத்தாள் சங்கரேஸ்வரி, முழுசாக, நாலு விளிம்பும் தெரிய. மெயிலை அவளையே அடிக்கச் சொன்னேன், நான் அடித்தால் சாயங்காலம் ஆகும். இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் விரல் எனக்கு முன்னால் போய் நின்று காத்திருந்தது. மூலப் பிலிம் இணைத்துள்ளேன். அடியில் தெரியும் பட்டையைப் படத்திலிருந்து வெட்டியவன் நான். அது தெரியாமல் நடந்ததல்ல. சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்று மாணவி ஜே. அமலோற்பவம் கேட்டார். நான் விடவில்லை. அத்தோடு சொல்வதை நிறுத்தினேன். சங்கரேஸ்வரி படித்துப் பார்த்தாள், உதடு அசைய. “சார், ஏன் விடலைன்னு ஒரு வரி வேணாமா? அந்தரத்துல நிக்குது.” “உனக்கு எதுக்கு?” “எனக்கில்ல சார். படிக்கிறவனுக்கு.” பதவி, கெடு, பெரியவர், கந்தகத் தட்டுப்பாடு, நாலும் வாய் வரை வந்தது. நாலும் உண்மை. கட்டுரையில் எழுதினால் நாலையும் ஒத்துக்கொள்வார்கள். “பயந்தேன்னு போடு,” என்றேன். “பயந்தேன்னா?” “பயந்தேன்னா பயந்தேன். போடு.” அடித்தாள். முற்றுப்புள்ளி வைத்தாளா என்று எட்டிப் பார்த்தேன். வைத்திருந்தாள்.